என் லேப்டாப்புக்கு நான் அடித்த கண்ணீர் அஞ்சலி

போன வருஷம், ஆயுத பூஜை முடிந்த அடுத்த வாரம். ஆவடியில் நாங்கள் குடியிருக்கும் ஃபிளாட்டின் மூன்றாவது மாடியில், காலை பதினொரு மணிக்கு என் லேப்டாப் முதல் முறையாகச் செத்தது.

திருமழிசை பக்கம் பம்பு தயாரிக்கும் கம்பெனி ஒன்றில் எனக்கு வேலை. பம்பை எப்படி மாட்டுவது, எப்படிக் கழற்றுவது என்று கையேடு எழுதுவேன். வாரத்தில் மூன்று நாள் வீட்டிலிருந்தே, சொந்த லேப்டாப்பில். அன்றைக்கு மீட்டிங்கில் மேனேஜரிடம் "இதோ காட்டறேன் சார்" என்று சொல்லி வாயை மூடவில்லை, திரை முழுக்க நீலம். ஓரமாக ஒரு சோக மூஞ்சி. கீழே ஏதோ இங்கிலீஷில் வருத்தம் தெரிவித்தது. தானாக அணைந்து தானாக எழுந்தது. பத்து நிமிஷத்தில் மறுபடியும் நீலம்.

அடுத்த நாலு நாள் நான் பார்த்த வைத்தியத்தை நினைத்தால் இப்போதும் கூசுகிறது. டேபிள் ஃபேனை அதன் பக்கம் திருப்பிவிட்டு நான் வியர்த்துக்கொண்டிருந்தேன். யூடியூபில் ஒருவர் சொன்னார் என்று எதையோ அழித்தேன், பிரிண்டர் படுத்துக்கொண்டது. மீட்டிங் ஆரம்பித்ததும் நான் மூச்சை அடக்கிக்கொள்வேன், ஏதோ என் மூச்சுக்காற்று பட்டுத்தான் அது மயங்கி விழுகிற மாதிரி.

"எனக்குக் காய்ச்சல் வந்தப்போ இப்படித் தொட்டுத் தொட்டுப் பார்த்தீங்களா?" என்றாள் மனைவி.

பயந்தவனுக்குப் பழி போட ஓர் ஆள் வேண்டும். எனக்கு ஆள் தயாராக இருந்தார். பூஜைக்கு இரண்டு வாரம் முன்னால், வேகம் போதவில்லை என்று லேப்டாப்புக்குக் கூடுதலாக ஒரு ரேம் போட்டுக்கொண்டு வந்திருந்தேன். போட்டுக் கொடுத்தவர், மார்க்கெட் பக்கம் சின்னதாக லேப்டாப் சர்வீஸ் கடை வைத்திருக்கும் ஒரு பெண்மணி. நாற்பது வயதிருக்கும். ஒற்றை ஆளாகக் கடையை நடத்துகிறார். என் லேப்டாப் மூடியில், நானே எழுதி அச்சடித்த ஸ்டிக்கர் ஒன்று உண்டு: 'இந்த வீட்டில் வேலை செய்வது நான் மட்டும்தான்.' அதைப் படித்துவிட்டு அன்று விழுந்து விழுந்து சிரித்தார். அந்தச் சிரிப்பில் என்னை மயக்கிவிட்டு, உள்ளே இருந்த ஒரிஜினல் ரேமை உருவிக்கொண்டார் என்று இப்போது முடிவு கட்டினேன்.

எங்கள் ஃபிளாட்டின் வாட்ஸப் குரூப்பில் நான்தான் ஆஸ்தான கோமாளி. சும்மா புகார் எழுதினால் என் மரியாதை என்னாவது? தெருவில் ஒட்டுவார்களே, அந்த மாதிரி ஒரு கண்ணீர் அஞ்சலி போஸ்டர் தயாரித்தேன். நடுவில் மூடிய லேப்டாப்பின் படம், சுற்றிலும் மாலை. 'மறைவுக்குக் காரணம்: ஒரிஜினலை உருவி டூப்ளிகேட்டை மாட்டிய கைராசிக்காரர்.' கீழே கடையின் பெயர். ஆதாரம் என்று கையில் ஒன்றும் இல்லை. ஆனால் வரி நன்றாக வந்திருந்தது.

சாயங்காலத்துக்குள் அது பக்கத்து ஃபிளாட்டுகளுக்கெல்லாம் போய்விட்டது. லிஃப்டில் முன்பின் தெரியாதவர் கையைக் குலுக்கினார். லேப்டாப் செத்த துக்கமே எனக்கு மறந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை மேனேஜர் கறாராகச் சொன்னார். திங்கட்கிழமை வெளியூர் கஸ்டமர் பார்க்கிற மீட்டிங், அதிலும் நீலம் வந்தால் இனி வீட்டிலிருந்து வேலை கிடையாது. அம்பத்தூரில் விசாரித்த இரண்டு கடைகளிலும் ஒரு வாரம் விட்டுவிட்டுப் போகச் சொன்னார்கள். வேறு வழியில்லாமல், சனிக்கிழமை அதே பெண்மணியின் கடைக்கே போனேன்.

போன தடவை நிற்க இடமில்லை. இப்போது ஸ்டூலெல்லாம் காலி.

"வாங்க சார். இன்னா, மக்கர் பண்ணுதா?"

"அடிக்கடி நீலமா வந்து நின்னுடுது மேடம்."

லேப்டாப்பை வாங்கி மேஜையில் வைத்தார். ஒரு நிமிஷம் அதையே பார்த்தார். பிறகு தன் செல்போனை எடுத்து என் முகத்துக்கு நேராக நீட்டினார். என் போஸ்டர்.

"இத்த பாத்தீங்களா? நாலு நாளா சுத்திகினு கீது. நேத்து ஒரு அம்மா, ரிப்பேருக்குக் குடுத்தத பாதியிலயே வாங்கிகினு பூட்டாங்க. உங்க பக்கத்துலேந்துதான் கெளம்பிச்சாம். யாருன்னு எதுனா தெரியுமா சார்?"

"தெரியலையே மேடம். எனக்கும் யாரோ ஃபார்வர்டு பண்ணாங்க. சிலருக்கு வேற வேலையே இல்ல" என்றேன். கடைசி வாக்கியம் எதற்கு என்று கேட்கிறீர்களா? பொய் சொன்னாலும் எனக்குக் கொஞ்சம் ஜோடனை வேண்டும்.

"இப்டி பக்கத்துல குந்துங்க. உங்க கண்ணு முன்னாடியே தொறக்கறேன்" என்று லேப்டாப்பைக் குப்புறக் கவிழ்த்தார். கவிழ்த்தவர் அப்படியே நின்றார்.

அடிப்பக்கத்தில், காற்று போவதற்கென்று இருக்கும் துளைகளின் மேல், காய்ந்து வெடித்த சந்தனம். அதன் நடுவில் குங்குமம்.

"இது இன்னா சார்?"

"ஆயுத பூஜைக்கு..."

"மூடி மேல வெக்கறத உட்டுட்டு அடியிலயா வெச்சிகீறீங்க?"

"மேல ஸ்டிக்கர் இருந்துச்சா... கறையாயிடும்னு..."

மனைவி அப்போதே மேலே வைங்க என்றாள். நான்தான் என் ஜோக்கின்மேல் கறை படக்கூடாது என்று கவிழ்த்துப் போட்டு, ரொட்டிக்கு ஜாம் தடவுவது போலக் கட்டைவிரலால் அப்பியிருந்தேன்.

அடிப்பக்கத்து மூடியைக் கழற்றினார். ஃபேன் இறக்கையில் சந்தனம். ரேம் உட்காருகிற இடுக்கிலும் சந்தனம், குங்குமம். இரண்டு ரேமையும் உருவி, போன தடவை தன் பில் புத்தகத்தில் குறித்து வைத்த நம்பர்களையும் அவற்றில் இருந்த நம்பர்களையும் ஒவ்வொன்றாகப் படிக்கச் சொன்னார். படித்தேன். ஒரிஜினலும் இருந்தது, அவர் போட்டதும் இருந்தது. பிறகு, பள்ளிக்கூடப் பிள்ளைகள் வைத்திருக்கும் சாதாரண ரப்பரை எடுத்து ரேமின் விளிம்பைத் தேய்த்தார். இடுக்கையெல்லாம் பிரஷ்ஷால் தட்டினார்.

"நானும்தான் சார் ஸ்க்ரூடிரைவருக்கெல்லாம் பொட்டு வெக்கறேன். மூச்சு உடற எடத்துல அப்பினா அது இன்னாதான் பண்ணும்?"

ஒரு மணி நேரம் ஓடவிட்டுக் காட்டினார். நீலம் வரவில்லை. நான் நன்றி சொன்னேன். அதைத் தவிர வேறு எதுவும் சொல்லாமல் வெளியே வந்தேன்.

வீட்டில் மனைவியிடம் நடந்ததை நடித்தே காட்டினேன். சந்தனத்தைப் பார்த்து அவர் முழித்தது, நான் முழித்தது, எல்லாம். அவள் சிரிக்கவில்லை. "இதையும் காமெடியா சொல்றீங்க" என்றாள். அத்தோடு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

திங்கட்கிழமை மீட்டிங் நல்லபடியாக முடிந்தது. முடிந்ததும் கடைக்குப் போனேன். "மேடம், அந்தப் போஸ்டரைப் போட்டது நான்தான்" என்றேன்.

"அன்னிக்கே தெரியும் சார். போஸ்டர்ல கீற ஸ்டிக்கர் ஆவடியில வேற யார்கிட்ட கீது?"

"அப்புறம் ஏன் மேடம் சரி பண்ணிக் குடுத்தீங்க?"

"தொடமாட்டேன்னு தொரத்தி உட்டுருந்தா, நீங்க எழுதனது நெசம்னு ஆயிருக்கும்ல?"

பழைய புத்தி அப்போதும் போகவில்லை. என் மூளைக்கே ஒரு கண்ணீர் அஞ்சலி போஸ்டர் அடித்து உங்கள் ஷட்டரில் ஒட்டுகிறேன் என்றேன்.

"ஐயோ, வேணா சார். கடை வாசல்ல ஒட்டனா நான்தான் பூட்டேன்னு நெனச்சிப்பாங்க." லேசாகச் சிரித்துவிட்டு, முகத்தை மாற்றிக்கொண்டார். "சாதாரணமா எழுதுங்க. சிரிப்புலாம் போடாம."

எழுதினேன். தப்பு யாருடையது, சந்தனம் எங்கே இருந்தது, நான் எப்படிப் பொய் சொன்னேன் என்று ஆறே வரி. போஸ்டர் அரைமணியில் முடிந்தது. இந்த ஆறு வரிக்கு ஒரு மத்தியானம் பிடித்தது. குரூப்பில் நாலு கட்டைவிரல் விழுந்தது. "என்ன சார், இன்னிக்கு சப்புனு இருக்கு" என்று ஒருவர் கேட்டார். யாரும் அதை ஃபார்வர்டு செய்யவில்லை. கடைக்கு ஆட்கள் திரும்பி வரப் பல மாதம் ஆனது.

இந்த வருஷம் ஆயுத பூஜைக்கு ஸ்டிக்கரைச் சுரண்டி எடுத்துவிட்டு, மூடியின் மேல் கடுகளவு பொட்டு வைத்தேன். அதற்கு இரண்டு நாள் கழித்துப் பூந்தமல்லியில் இருக்கும் நண்பன் ஒருவன், 'செம காமெடி, எவனோ பின்னியிருக்கான்' என்று அதே போஸ்டரை எனக்கே அனுப்பினான். 'அந்த எவனோ நான்தான்' என்று ஆரம்பித்து முழுக் கதையையும் எழுதி அனுப்பினேன். எங்கிருந்து வந்தாலும் இப்படித்தான் செய்கிறேன். சிரிக்க வைத்து நான் ஓடவிட்ட பொய்க்குப் பின்னால், யாருக்கும் சிரிப்பு வராத உண்மையைத் தூக்கிக்கொண்டு நான் இன்னமும் மூச்சிரைக்க ஓடிக்கொண்டிருக்கிறேன்.