எல்லைக்காவலுக்கு மூன்று அழைப்பு

வியாழக்கிழமை பிற்பகல் மூன்று மணி நாற்பத்திரண்டு நிமிடத்துக்குப் பக்கத்து வீட்டு மஞ்சுளா அழைத்தார். "அண்ணா, பெரியாஸ்பத்திரிக்கு வாங்க" என்றார். "கௌசிக்கு என்னம்மா?" என்றேன். அழுகைதான் கேட்டது. என் மனைவி கௌசல்யா போய்விட்ட செய்தி எனக்கு இப்படித்தான் வந்தது.

அவரைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். வயது முப்பத்தொன்று. பாப்பாரப்பட்டியில் ஒரு தனியார் பள்ளியில் இயற்பியல் ஆசிரியை. ஞாயிறுதோறும் மதியம் மூன்று மணிக்கு அதியமான்கோட்டையில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் ஓர் ஆட்டம் நடத்துவார். ஆளுக்கொரு பாத்திரம் எடுத்துக்கொண்டு, பகடை உருட்டி, ஒரு கதைக்குள் போய்வரும் ஆட்டம். வீரன், மந்திரவாதி, வைத்தியர் என்று பாத்திரங்களில் வகைகள் உண்டு. கல்லூரி விடுதியில் ஓர் ஆங்கிலப் புத்தகத்தைப் பார்த்துக் கற்றுக்கொண்டவர், திருமணமான வருடம் எனக்கும் கற்றுத்தந்தார். தந்த முதல் நாளே புத்தகத்தை மூடியும் வைத்துவிட்டார்.

"இதுல வைத்தியர் கும்பிட்டவுடனே சாமி காயத்தை ஆத்திடுதுங்க. நம்மூர்ல எந்தச் சாமி சும்மா குடுக்குது? நேர்ந்துக்க வேணாமா?"

அதனால் எங்கள் வைத்தியருக்கு வேண்டுதல்தான் சக்தி. காயம் ஆறியவர் அடுத்த ஞாயிற்றுக்குள் வேண்டுதலைத் தீர்க்காவிட்டால் காயம் திரும்பிவிடும். மந்திரவாதிக்குத் தவம். ஆடுகிறவர் மேசையில் கோபப்பட்டால் சேர்த்த தவமெல்லாம் கரைந்துபோகும். நான் முதல் மாதத்திலேயே மந்திரவாதி வேலையை இழந்தேன். மஞ்சுளாவைப் போலவே எங்களோடு ஆட வரும், தர்மபுரியில் துணிக்கடை வைத்திருக்கும் சாதிக், இறைவனை வேண்டியே வாழும் ஃபக்கீர் பாத்திரம் ஒன்று தனக்கு வேண்டும் என்றார்.

"எங்க தெரு பாவா மத்தவங்களுக்குத்தான் துஆ கேப்பாருக்கா. தனக்குன்னு வாயே தொறக்க மாட்டாரு."

"அதையே விதியா வச்சிடலாம் சாதிக்."

ஃபக்கீர் எல்லோரையும் பிழைக்கவைத்துவிட்டு, தான் மட்டும் ஆட்டத்துக்கு ஆட்டம் செத்தார். "என்னக்கா, நல்லவனா இருந்தா பொழைக்கவே முடியாதா?" என்று சாதிக் கேட்க, மஞ்சுளா டீயைச் சிந்திவிட்டுச் சிரித்தார்.

எனக்கு வந்தது எல்லைக்காவல். ஊர் எல்லையில் அரிவாளோடு உட்கார்ந்திருக்கும் முனியப்பன் மாதிரி. மந்திரமும் கிடையாது, தவமும் கிடையாது. ஆபத்தில் யார் கூப்பிட்டாலும் வர வேண்டும், அதுதான் அவன் சக்தி. நான் ஓர் ஆலையில் இயந்திரங்களுக்குக் கட்டுப்பாட்டு நிரல் எழுதுகிறவன். வரம்பு இல்லாத எதுவும் என் மண்டையில் நிற்காது. ஆட்டத்தைக் கணினியில் ஓட்டிப் பார்த்தேன். எல்லைக்காவல் எப்போதும் வந்தால் எவரும் தோற்கவே மாட்டார்கள். நாளுக்கு மூன்று அழைப்பு என்று வைக்கச் சொன்னேன்.

"ஏங்க, முனியப்பன் கோயில்ல இன்னிக்கி கோட்டா முடிஞ்சுதுன்னு போர்டு மாட்டியிருக்காங்களா?"

"ஆட்டம் சமமா இருக்கணும் கௌசி."

"கூப்பிட்டா வரணுங்க. அதான் சாமி. எண்ணிக்கிட்டு வந்தா அது வாட்ச்மேன்."

இரண்டு வாரம் இதே சண்டை. அந்த வியாழக்கிழமை தலைவலி என்று பள்ளிக்கு விடுப்புச் சொல்லியிருந்தார். நான் ஷூ மாட்டும்போது, "மூணு போதாதுங்க" என்று மறுபடி ஆரம்பித்தார். வண்டியைக் கிளப்பிக்கொண்டே சொன்னேன்: "எனக்கும் அதே விதிதான். மூணு தடவைக்கு மேல கூப்பிடாத."

"போங்க, போங்க வாட்ச்மேன்" என்று சிரித்தார்.

மதியம் இரண்டு ஐந்துக்கு அழைத்தார். இரண்டு ஏழுக்கு, இரண்டு பன்னிரண்டுக்கு. அதன் பிறகு அழைக்கவில்லை.

கௌசியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்து, அவர் கைபேசியில் அந்த மூன்று அழைப்புகளையும் பார்த்திருந்த மஞ்சுளா, வாசலில் என்னிடம், "மிஷின் சத்தத்துல உங்களுக்குக் கேட்டிருக்காதுண்ணா" என்றார். நான் தலையாட்டினேன். அதையே கௌசியின் அம்மாவிடமும் சொன்னேன். பொய். அன்று நான் இருந்த அறையில் இயந்திரமே கிடையாது. மூன்று முறையும் கௌசியின் பெயர் திரையில் ஒளிர்ந்ததைப் பார்த்தேன். விதியைப் பற்றித்தான் பேசப்போகிறார் என்று நினைத்து, கைபேசியைக் கவிழ்த்து வைத்தேன். ஆலையிலிருந்து வீடு வண்டியில் பதினைந்து நிமிடம்.

தலைக்குள் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது என்றார் மருத்துவர். "முன்னாடியே வந்திருந்தாலும் ஒண்ணும் சொல்ல முடியாதுங்க" என்றார். நல்ல மனிதர். அந்த ஆறுதலைக் கேட்டுக்கொண்டு, நான் வராமல்போன பதினைந்து நிமிடத்தை மறந்து என்னால் நிம்மதியாக இருக்க முடியவில்லை. நான் போயிருந்தால் பிழைத்திருப்பாரா என்பது எனக்குத் தெரியாது. தனியாக இருந்திருக்க மாட்டார் என்பது தெரியும்.

காரியம் முடிந்த ஞாயிற்றுக்கிழமை சாதிக்கும் மஞ்சுளாவும் வந்தார்கள். பகடையை யாரும் எடுக்கவில்லை. கௌசி ஆட்டத்தின் விதிகளை எழுதிவைக்கும் நோட்டை சாதிக் என் பக்கம் தள்ளினார். கடைசிப் பக்கத்தில், வியாழக்கிழமை என்று மேலே குறித்து, கௌசல்யா எழுதியிருந்தார்: "எல்லைக்காவல் – மூன்று முறை. அவர் கணக்கு சரி. ஆட்டத்துக்கு மட்டும்."

அப்போதுதான் அவர்களிடம் உண்மையைச் சொன்னேன். சாதிக் என் கையைப் பிடித்துக்கொண்டார். மஞ்சுளா எழுந்துபோய்விட்டார். அவர் செய்தது சரி. மற்றவர்களுக்கும் தெரிய வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

போய் வா கௌசி. நீ சொன்னதுதான் விதி.

ஆறுதல் சொல்ல அழைக்கிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். நேரில் வாருங்கள், மேசை அதே இடத்தில்தான் இருக்கிறது. என் கைபேசியில், நான் எடுக்காத அழைப்புகளாக, 'கௌசி' என்று சிவப்பில் மூன்று வரிகள் இருக்கின்றன. ஒவ்வொரு புது அழைப்பும் அவற்றை ஒரு வரி கீழே தள்ளுகிறது. இன்று காலை, தேடித்தான் பார்க்க வேண்டியிருந்தது. கைபேசியை அணைத்துவிட்டேன்.