எந்தத் திகதியிலிருந்து

திருகோணமலையிலிருந்து மூதூருக்குப் போகும் ஒரு பயணிகள் படகின் ரிக்கற் கந்தோரில் நான் சில வருடங்கள் வேலை செய்தேன். உள்துறைமுக வீதியோரம், இறங்குதுறைக்குப் பக்கத்தில், தகரக் கூரை போட்ட ஒற்றை அறை. ஒரு மேசை, இரண்டு கதிரை, கதவு சரியாகப் பூட்டாத ஒரு அலுமாரி, ஒரு கொம்பியூட்டர். உப்புக்காற்றில் கீபோட்டின் கட்டைகள் இறுகிவிடும் என்பதால் அதைப் பழைய தலையணை உறையால் மூடிவைப்பேன். காலையில் ரிக்கற் கொடுப்பேன். சனம் குறைந்த பிறகு ஒவ்வொரு ஓட்டத்திலும் எத்தனை பேர் ஏறினார்கள் என்று கொம்பியூட்டரில் பதிவேன். மிச்ச நேரம் கடலைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

படகின் முதலாளி எழுபதைத் தாண்டியவர். மனைவி இறந்துவிட்டா. ஒரே மகள் கொழும்பில் கணக்காய்வு நிறுவனம் ஒன்றில் வேலை. அவருக்கு வீட்டில் இருக்க ஏலாது. விடியற்காலைப் பூசை முடிந்ததும் கோயிலிலிருந்து நேரே இறங்குதுறைக்கு வந்துவிடுவார். முதல் படகில் ஏறுகிறவர்களை ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டு நிற்பார். கிளிவெட்டிப் பக்கம் படிப்பிக்கப் போகிற ரீச்சர்மார், ஆஸ்பத்திரியில் ஆளை விட்டுவிட்டுத் திரும்புகிறவர்கள், புடவைப் பொதியோடு மூதூர் வியாபாரிகள். வழக்கமாக வருகிற ஒருவர் இரண்டு நாள் வராவிட்டால் அவர் வீட்டில் என்ன சங்கதி என்று விசாரிப்பார். ஆனால் மொத்தத்தில் சனம் கூடுகிறதா குறைகிறதா என்று அவரிடம் யாரும் கேட்டதில்லை. அவரும் தன்னிடமே கேட்டுக்கொண்டதில்லை என்றுதான் நினைக்கிறேன்.

கேட்டது மகள். அந்த அக்கா ஒரு பெருநாள் லீவுக்கு வந்தபோது, கொழும்பிலிருந்தபடியே தானும் பார்க்கக்கூடிய மாதிரி ஒரு அறிக்கை மென்பொருளை எங்கள் கொம்பியூட்டரில் போட்டுவிட்டுப் போனார். நான் பதிவதையெல்லாம் அது எடுத்து, திறந்தவுடனே ஒரு வரைபடமாகக் காட்டும். எந்தக் காலத்தைக் காட்டவேண்டும் என்று யாரும் சொல்லாவிட்டால் அது தானாகவே கடந்த மூன்று மாதத்தைக் காட்டும்.

மாசி மாதத்தில் ஒருநாள் அக்கா கொழும்பில் அதைத் திறந்து பார்த்திருக்கிறார். அது காட்டிய மூன்று மாதமும் மாரி. வாடைக்காற்று எழும்பினால் கொட்டியாரக்குடாவில் எங்கள் படகு போகாது. வாரக்கணக்காகக் கட்டிக்கிடக்கும். போகிற நாளிலும் பாதிக் கதிரை வெறுமையாகக் கிடக்கும். அன்றே தகப்பனுக்கு போன் எடுத்து, இனிப் போதும் அப்பா, படகை வித்துப்போட்டு என்னோடு வந்து இருங்கோ என்று சொல்லியிருக்கிறார்.

அடுத்த நாள் காலை முதலாளி பூசைக்குப் போகாமலே வந்துவிட்டார். எனக்கு முன்னால் இருந்த கதிரையில் கோபத்தோடு இருந்தார்.

"என்ன பிள்ளை, என்ர படகில ஆக்களே ஏறேல்லை எண்டு இது சொல்லுதாமே?"

நான் மென்பொருளைத் திறந்து காட்டினேன். இது நாங்கள் எந்த நாளில் திறக்கிறோமோ அந்த நாளிலிருந்து பின்னால் எண்ணுகிறது, நாள் நகர நகர இதுவும் கூடவே நகரும், அதனால் இப்போது முழுக்க மாரிக்குள் நிற்கிறது என்று விளங்கப்படுத்தினேன். அப்படி நகராமல், இந்தத் திகதியிலிருந்து இந்தத் திகதி வரை என்று நிலையாகக் குறித்துவைக்கவும் ஏலும் என்றேன். கடல் நல்லாயிருக்கிற மாதங்களை ஒவ்வொரு வருடத்திலும் அப்படிக் குறித்து, ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்றாக வைத்துப் பார்த்தால் உண்மை தெரியும்.

அவருடைய முகம் விடிந்துவிட்டது. "அப்ப கொம்பியூட்டர் பிழையே?"

"ஓம் ஐயா. பிழையான நாளைப் பாக்குது. நான் சரியாப் போட்டுத் தாறன்."

எனக்கே அப்போது அதில் சந்தேகம் இருக்கவில்லை. ரிக்கற் கொடுக்கிற யன்னலில் இருந்து பார்க்கிற ஒருத்திக்குக் காலைப் படகு எப்போதும் நிறைந்த மாதிரித்தான் தெரியும். எல்லோரும் ஒரே நேரத்தில் வந்து நெருக்குவார்கள். அந்த நெருக்கத்தை நான் சனத்தொகை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

வேலை நினைத்ததைவிடச் சிக்கலாக இருந்தது. மென்பொருளில் போன வருடத்தின் இதே திகதிகளோடு ஒப்பிடு என்று ஒரு வசதி உண்டு. அதை அமத்தியவுடன் ஒரு மாதம் வானத்துக்கு ஏறியது, அடுத்தது பள்ளத்தில் விழுந்தது. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்த பிறகுதான் பிடிபட்டது. நோன்புப் பெருநாளுக்கு முதல் வாரம் எங்கள் படகில் மூதூர்ச் சனம் நிற்க இடமில்லாமல் போகும். அந்தப் பெருநாள் வருடத்துக்கு வருடம் கொஞ்சம் முன்னுக்கு நகர்ந்து வரும். இந்த வருடப் பெருநாள் வாரத்தை அது போன வருட நோன்புக் காலத்தோடு வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தது. உயிர்த்த ஞாயிறும் அப்படித்தான் நகரும். பள்ளிக்கூட லீவும் ஒரு வருடம் மாதிரி மற்ற வருடம் இல்லை.

எனவே கலண்டர்களை எடுத்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு வருடத்துக்கும் நானே திகதி குறித்தேன். மாரி முடிந்து படகு ஒழுங்காக ஓடத் தொடங்கிய நாளிலிருந்து, அடுத்த மாரிக்குக் கட்டிய நாள் வரை. பெருநாள் வாரங்களைத் தனியாகப் பிரித்தேன். கொரோனாவில் படகு கட்டிக்கிடந்த காலத்தையும், டீசலுக்கு வரிசையில் நின்ற மாதங்களையும் ஒதுக்கினேன். முடிவுத் திகதியில் இன்றைய நாளைச் சேர்க்கக்கூடாது என்பதையும் பிழை விட்டுத்தான் பழகினேன். பின்னேர ஓட்டம் பதிய முதல் பார்த்தால் இன்றைய நாள் எப்போதும் மெலிந்துதான் தெரியும்.

இதற்கிடையில் முதலாளி படகைக் கரையில் இழுத்துப்போட்டு அடிப்பக்கம் சுரண்டி, நீலமும் வெள்ளையுமாகப் புதிதாகப் பெயின்ற் அடிப்பித்தார். நிலாவெளியில் வெளிநாட்டுக்காரரைக் கடலுக்குக் கூட்டிப்போகிற ஒருவர் படகைக் கேட்டு ஆள் அனுப்பியிருந்தார். விக்கிற யோசனை இல்லை என்று சொல்லிவிட்டாராம். மகளுக்கும், பிள்ளை கணக்குப் போடுது, வரட்டும் என்று சொல்லிவைத்திருந்தார். இதெல்லாம் படகோட்டுகிற அண்ணை எனக்குச் சொன்னது. அவரும் சந்தோசமாகத்தான் சொன்னார்.

கடைசி வருடத்தின் திகதிகளையும் போட்டு முடித்தது ஒரு வியாழக்கிழமை பின்னேரம். பொத்தானை அமத்தினேன். வருடத்துக்கொரு தூணாக வரிசையாக வந்து நின்றன. ஒவ்வொன்றும் முந்தியதைவிடக் கட்டை. பெரிய பள்ளம் ஒன்றுமில்லை. படிக்கட்டில் ஒருவர் மெதுவாக இறங்குகிற மாதிரி ஒரே சீராக இறங்கியது.

எங்கோ பிழை விட்டிருக்கிறேன் என்றுதான் முதலில் நினைத்தேன். தொடக்கத் திகதிகளை முன்னுக்குத் தள்ளிப் பார்த்தேன், பின்னுக்கு இழுத்துப் பார்த்தேன். பெருநாள் வாரங்களைத் திரும்பச் சேர்த்துப் பார்த்தேன். தூண்களின் உயரம் கொஞ்சம் மாறும். இறக்கம் மட்டும் மாறவில்லை. அக்காவின் மூன்று மாத வரைபடமாவது மாரி முடிந்தால் நிமிரும். நான் போட்டதில் அந்த ஆறுதலும் இல்லை.

காரணம் யோசிக்க வெகுநேரம் எடுக்கவில்லை. மூதூருக்குக் கிண்ணியாவால் சுற்றிப் போகிற தரைப்பாதையில் பாலமெல்லாம் போட்டு எவ்வளவோ காலமாகிவிட்டது. பாலம் வந்த அன்றே சனம் படகை விட்டுவிடவில்லை. ஒரு ரீச்சர் ஸ்கூட்டி வாங்குவா. மூதூர் வியாபாரிகள் நாலு பேர் சேர்ந்து ஒரு வான் பிடிப்பார்கள். ஒரு பிள்ளை படிப்பு முடித்து நின்றுவிடும். யன்னலில் எனக்கு இவர்கள் ஒவ்வொருவராகத்தான் காணாமல் போனார்கள். அதனால் நான் கவனிக்கவில்லை.

அக்காவுக்கு அன்றே போன் எடுத்துச் சொன்னேன். அவர் சந்தோசப்படுவார் என்று எனக்குள் ஒரு கசப்பு இருந்தது. அவர் அப்பாவின் உடம்பு எப்படி என்று விசாரித்தார். பிறகு, நான் வாறன், வந்த பிறகு காட்டுவம், தனிய காட்டாதேங்கோ என்றார்.

சனிக்கிழமை மூன்று பேரும் அந்தக் கந்தோருக்குள் இருந்தோம். நான் திகதிகள் எப்படிக் குறித்தேன் என்பதை முதலில் சொல்லி, பிறகு வரைபடத்தைத் திறந்தேன். முதலாளி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். முந்தி மாதிரிக் கோபப்படவில்லை. எந்தத் தூண் எந்த வருடம் என்று கேட்டார். ஒவ்வொன்றாகச் சொன்னேன். இன்னொருக்காச் சொல்லச் சொன்னார்.

பிறகு மெதுவாகக் கேட்டார்: "எந்தத் திகதியில இருந்து போட்டால் நல்லாக் காட்டும், பிள்ளை?"

அதற்குப் பதில் என்னிடம் இருந்தது. ஒரு மாரியில் வெள்ளம் வந்து பாதை உடைந்தபோது, மழை விட்டுக் கடல் அடங்கிய பிறகும் பஸ் ஓடவில்லை. அந்த நாட்களில் எங்கள் படகு ஓயாமல் ஓடியது. அந்தக் கிழமைகளை மட்டும் குறித்துப் போட்டேன். தூண் திரையின் உச்சிக்குப் போனது.

அக்கா தகப்பனின் தோளில் கைவைத்தார். "அப்பா, உங்களுக்கு விருப்பமெண்டால் இன்னும் ஒரு வருசம் ஓடுவம். நான் ஒண்டும் சொல்லன்."

முதலாளி அந்த உயரமான தூணைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"சனத்துக்கு வெள்ளம் வந்தால்தான் எனக்குப் படகு எண்டால், அது சரியில்லை" என்றார். "நிலாவெளியான் இன்னும் கேக்கிறானோ எண்டு பாருங்கோ."

அவர் எழும்பி வெளியே போனார். அக்கா மேசையிலிருந்த கலண்டர்களை அடுக்கி வைத்தார். நான் கொம்பியூட்டரை நிற்பாட்டினேன்.

படகு வைகாசி முடிய முதல் கை மாறியது. படகோட்டுகிற அண்ணையும் அதோடு நிலாவெளிக்குப் போய்விட்டார். கடைசி ஓட்டத்தன்று முதலாளி இறங்குதுறைக்கு வரவில்லை. நானும் அந்தப் படகில் மூதூருக்குப் போய்வரலாமா என்று நினைத்தேன். இத்தனை வருடம் ரிக்கற் கொடுத்த நான் அதில் ஏறியது மிகக் குறைவு. ஆனால் சாவி கொடுக்கவேண்டும், அலுமாரியை ஒதுக்கவேண்டும் என்று நின்றுவிட்டேன். சாவியை அடுத்த நாளும் கொடுத்திருக்கலாம்.

எனக்குக் கண்டி வீதியில், தம்பலகாமம் போகிற பக்கம், கட்டடச் சாமான் கடை ஒன்றின் கந்தோரில் வேலை கிடைத்தது. அங்கேயும் அறிக்கை எடுக்கிறதுதான். சீமெந்து எவ்வளவு போனது, கம்பி எவ்வளவு போனது. மழைக்காலத்தைத் தனியாகப் பிரித்துப் போடுங்கோ என்று நான் சொன்னபோது அங்கே எல்லோரும் என்னைக் கெட்டிக்காரி என்றார்கள்.

ஒருமுறை சொந்தக்காரர் வீட்டுச் செத்தவீட்டுக்கு மூதூருக்குப் பஸ்ஸில் போனேன். யன்னல் ஓரம் இடம் கிடைத்தது. பாலங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. எனக்கு முன்னால் இரண்டு ரீச்சர்மார் இருந்தார்கள். ஒருத்தி எங்கள் காலைப் படகில் வந்தவ. என்னை உற்றுப்பார்த்து, மட்டுக்கட்டிச் சிரித்தா. முதலாளி எப்படி என்று கேட்டா. கொழும்பில் என்றேன். பாவம் என்றா. பிறகு, பஸ் எண்டால் சீலை நனையாது என்றா. அதுவும் உண்மைதான்.

சில மாதங்களுக்குப் பிறகு அக்கா போன் எடுத்தார். அப்பா சாப்பிடுகிறார், பூசைக்குப் போகிறார், ஒரு குறையும் சொல்கிறார் இல்லை என்றார். அதுதான் பயமாக இருக்கிறது என்றார். பிறகு சொன்னார்:

"தங்கச்சி, நான் போட்ட அந்த மூண்டு மாதத்தோடயே விட்டிருக்கலாம் போல. கொம்பியூட்டர் பிழை, மகள் பிழை எண்டு ஏசிக்கொண்டெண்டாலும் இருந்திருப்பார். இப்ப ஏசுறதுக்கு ஒருத்தரும் இல்லை அவருக்கு."

உண்மையைக் காட்டியது பிழை என்று என்னால் சொல்ல ஏலாது. ஆனால் அந்த மாசி மாதக் காலையில் அவருடைய முகம் விடிந்ததே, அதை நான் கொடுத்தேன், பிறகு நானே எடுத்தேன். மூன்று மாத வரைபடத்தை நம்பி அவர் கோபத்தோடு விற்றிருந்தால் அது வேறு மாதிரி ஒரு துக்கமாக இருந்திருக்கும். அதை அவர் தாங்கியிருப்பார் என்று எனக்குப் படுகிறது.

ஐயாவோடு கதைக்கலாமா என்று கேட்டேன். போன் கை மாறியது. குரல் பழையபடிதான் இருந்தது. வீட்டுச் சுகம் விசாரித்தார். பிறகு கேட்டார்:

"இண்டைக்குக் கடல் எப்பிடி, பிள்ளை?"

"நான் இப்ப கண்டி ரோட்டிலயல்லோ வேலை, ஐயா. கடலைக் காணக் கிடைக்கிறேல்லை."

"ஓம், ஓம். மறந்துபோனன்" என்றார்.

அடுத்த நாள் காலை அன்புவழிபுரத்து வீட்டிலிருந்து வேலைக்கு நேரே போகாமல் உள்துறைமுக வீதியால் சுற்றிப் போனேன். காற்றில்லை. கடல் எண்ணெய் ஊற்றிய மாதிரிக் கிடந்தது. போனை எடுத்தேன். பூசை நேரமாக இருக்கும், குழப்பக்கூடாது என்று திரும்பப் பைக்குள் வைத்தேன். மத்தியானம் எடுத்துச் சொல்லலாம் என்று இருந்தேன். கடையில் லொறி வந்துவிட்டது, எடுக்கவில்லை.