மெதுவாக அடிப்பவர்களுக்கான பந்து

கெட்டுப்போன தண்ணீரின் வாடை எனக்குப் புதிதல்ல. நெல் அவிக்கும் ஆலைகளுக்கு நடுவில் வளர்ந்தவள் நான். ஊறல் தொட்டியில் மாற்றாமல் விட்ட தண்ணீர் எப்படி நாறும் என்று கண்ணை மூடிக்கொண்டே சொல்வேன். சென்ற மாசி மாதத்தில் அதே மாதிரியான வாடை என் சமையலறையில் அடித்தது. திருச்சிக் கடையொன்றிலிருந்து சீல் பிரிக்காமல் வந்த பெட்டியில் இருந்த, பளபளவென்ற வெள்ளைக் கோல்ஃப் பந்துகளிலிருந்து அது வந்தது. அன்று ஏற்பட்ட அருவருப்பு இன்னும் முழுதாக நீங்கவில்லை. பந்துகளால் மட்டும் வந்ததாக இருந்தால் கையோடு சோப்பில் போயிருக்கும்.

தஞ்சாவூரில் ஏது கோல்ஃப் என்று கேட்பார்கள். மைதானம் கிடையாதுதான். திருவையாறு போகும் சாலையில் மூடிக்கிடந்த ஓர் அரிசி ஆலையில், நெல் காயவைக்கும் சிமெண்டுக் களம் இருக்கிறது. துபாயிலிருந்து திரும்பிவந்த அந்த ஆலைக்கார பாய், களத்தின் ஒரு பக்கம் பச்சை விரிப்புகளைப் போட்டு மறுகோடியில் உயரமாக வலை கட்டி, பயிற்சிக்கூடம் ஆக்கிவிட்டார். மாலையில் நாலைந்து பேர் வந்து வலையைப் பார்த்து அடிப்பார்கள். விளக்கு போட்டுக்கொடுத்த மின் ஒப்பந்தக்காரர் என் கணவர். அப்படித்தான் அவர் போகத் தொடங்கினார். அவரோடு, சிமெண்டுக் கடை வைத்திருக்கும் அவருடைய அண்ணனும் போனார். அவரை நான் பெரியத்தான் என்று கூப்பிடுவேன்.

அலுவலகம் முடிந்து நானும் அங்கே போய் ஒரு வாரம் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். பிறகு மட்டையைக் கையில் எடுத்தேன். பாய் என்னிடம் கொடுத்தது இளஞ்சிவப்புப் பந்து. கொடுக்கும்போதே காரணத்தையும் சொன்னார். உள்ளே ஒரே ரப்பர் உருண்டை, மேலே ஓர் ஓடு, மிருதுவான பந்து. மட்டையை மெதுவாக வீசுகிறவர்களுக்கு அதுதான் பொருத்தம். தொலைக்காட்சியில் வரும் ஆட்டக்காரர்கள் அடிப்பது பல அடுக்குள்ள டூர் பந்து. அது அமுங்குவதற்கு அசுர வேகம் வேண்டும். அந்த வேகம் இல்லாதவர் அடித்தால் கல்லை அடித்தது போல் கை அதிரும். மேலுறை மெலிந்து பிடிப்பாக இருப்பதால் நிறையச் சுழலும், கொஞ்சம் கோணலாகப் பட்டால் நிறையக் கோணும்.

நான் விதைப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறேன். பையின் மேல் என்ன அச்சடித்திருக்கிறது என்பதை நம்பாமல் உள்ளே இருப்பதைப் பார்ப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். ஆகவே பாய் சொன்னதை நம்பவும் இல்லை, தள்ளவும் இல்லை. இரண்டு விதப் பந்துகளையும் மாறிமாறி அடித்து, எது வலையில் எந்த உயரத்தில் பட்டது என்று தினமும் டைரியில் குறித்துக்கொண்டேன். மழைக்காலம் முடிவதற்குள் சந்தேகம் தீர்ந்தது. எனக்கு மிருதுவான பந்துதான். அந்தக் களத்தில் அடித்த எல்லாருக்குமே அதுதான், பாய் ஒருவரைத் தவிர.

பெரியத்தானுக்கு இது காதில் ஏறவே இல்லை. அவருக்கு டூர் பந்துதான் வேண்டும். அவர் அடித்தால் பந்து வலதுபக்கம் வளைந்து போய் பாய்லர் கொட்டகையின் தகரத்தில் விழும். ஊரெல்லாம் கேட்கும். அதற்குக் காற்று என்பார், விரிப்பு சரியில்லை என்பார். என் பந்து வலையின் நடுவில் உயரத்தில் போய்ப் பட்டால் மட்டும் காரணம் வேறு.

"அது பொம்பளைப் பந்தும்மா. அடிக்கவே வேணாம், ஊதினாலே போகும்" என்பார்.

மற்றவர்கள் சிரிப்பார்கள். என் கணவரும் சிரிப்பார். நான் நன்றாக அடித்த ஒவ்வொரு தடவையும் பாராட்டு பந்துக்குப் போனது. ஒரு நாளாவது "நீ நல்லா அடிச்சே" என்று அந்த வீட்டு மனிதர்கள் யாரும் சொன்னதில்லை.

தை மாதக் கடைசியில் பாய் ஒரு செய்தி சொன்னார். கோடையில் நீலகிரியில் ஒரு நிஜ மைதானத்தில் விளையாட அனுமதி வாங்கியிருக்கிறார். நான்கு பேர்தான் போகலாம். அவர், ஒரு பல் மருத்துவர், என் கணவர் ஆகிய மூவரும் உறுதி. நாலாவது இடம் பெரியத்தானுக்கா எனக்கா என்பது முடிவாகவில்லை.

எனக்கு அந்த இடம் எவ்வளவு வேண்டியிருந்தது என்பதை இங்கே எழுதிவைக்கிறேன். அதுவரை நான் அடித்த பந்து எதுவும் தரையில் இறங்கி நான் பார்த்ததில்லை. எல்லாவற்றையும் வலை மறித்துவிட்டது. ஒரு பந்தை அடித்து, அது புல்லில் போய் விழுவதைப் பார்த்து, அதுவரை நடந்துபோய் மறுபடி அடித்து, கடைசியில் குழிக்குள் விழும் சத்தத்தைக் கேட்க வேண்டும். ஐம்பது வயதில் இப்படி ஒன்றுக்கு ஆசைப்பட்டதை வெளியில் சொல்லக் கூச்சமாக இருந்தது. கணவரிடம் மட்டும் சொன்னேன். "பாக்கலாம்" என்றார்.

அந்தச் சமயத்தில்தான் பெரியத்தான் திருச்சியிலிருந்து அந்தப் பெட்டியை வாங்கிவந்தார். எங்கள் வீட்டுக் கூடத்தில் வைத்துப் பிரித்துக் காட்டினார். வெளிநாட்டு டூர் பந்து, பெரிய கம்பெனிச் சரக்கு என்றார். ஒன்றைக் கையில் வாங்கிப் பார்த்தேன். பந்தின் மேலெல்லாம் இருக்கும் சின்னக் குழிகள் சரியான வட்டமாக இல்லை, பெயிண்ட் தேங்கி ஓரம் மழுங்கியிருந்தன. பரிசோதித்துப் பார்க்கட்டுமா என்று கேட்டேன். தாராளமாகப் பார், அப்போதாவது உனக்குப் புரியும் என்று சொல்லிவிட்டு முறுக்கை எடுத்துக்கொண்டார்.

விதைநெல்லுக்கு உப்புத் தண்ணீர் பார்ப்பது இந்தப் பக்கத்தில் எல்லாரும் அறிந்தது. தண்ணீரில் ஒரு முட்டையைப் போட்டு, அது மிதக்கும்வரை உப்பைக் கரைத்து, அதில் நெல்லைக் கொட்டினால் பதர் மேலே வரும், திரண்ட விதை அடியில் தங்கும். பந்துக்கும் அதையே செய்தேன். பந்து முட்டையைவிடக் கனம். முட்டை மிதந்த பிறகும் அது அடியிலேயே கிடந்தது. மேலும் உப்பைக் கொட்டிக் கலக்கியபின் மெல்ல எழுந்துவந்தது. மிதக்கும் பந்தின் உச்சியில் பேனாவால் ஒரு புள்ளி வைத்துச் சுழற்றிவிட வேண்டும். எடை சமமாக இருந்தால் புள்ளி ஒவ்வொரு தடவையும் ஒவ்வோர் இடத்தில் நிற்கும். ஒரு பக்கம் கனமாக இருந்தால் அதே புள்ளி திரும்பத் திரும்ப மேலே வரும். அப்படிப்பட்ட பந்து நேராக உருளாது.

என் இளஞ்சிவப்புப் பந்துகள் தேறின. அவருடைய பெட்டியில் பாதிக்குமேல் தேறவில்லை. அன்றிரவு அவற்றைத் தண்ணீரிலேயே விட்டுவைத்தேன். காலையில் மூடியைத் திறந்தபோதுதான் நான் முதலில் சொன்ன வாடை அடித்தது. பெயிண்ட் கொப்பளித்திருந்தது. கட்டைவிரலால் தேய்த்ததும் தோல்போல உரிந்து வந்தது. அடியில் பாசி பிடித்த பழுப்பு, வேறு ஏதோ கம்பெனியின் அழிந்த முத்திரை, மட்டை வெட்டிய தழும்பு. எந்த ஊர்க் குட்டையிலோ விழுந்து வருஷக்கணக்கில் கிடந்தவற்றை அள்ளி, கழுவாமலேயே பெயிண்ட் அடித்துப் பெட்டியில் போட்டிருக்கிறார்கள். கையைச் சோப்புப் போட்டு இரண்டு தடவை கழுவினேன்.

மாலையில் அண்ணனும் தம்பியும் வந்தார்கள். பந்துகளைக் காட்டினேன். பெரியத்தான் பந்துகளைப் பார்க்கவில்லை, பாத்திரத்தைப் பார்த்தார். அது எங்கள் பழைய எவர்சில்வர் அன்னக்கூடை.

"சோறு வடிக்கிற பாத்திரத்துலயாடா இதெல்லாம்?" என்று என்னிடம் கேட்காமல் தம்பியிடம் கேட்டார்.

அந்தப் பாத்திரம் ஓட்டையாகி மாடியில் செடிக்குத் தண்ணீர் பிடிக்கக் கிடந்தது, எம்-சீல் வைத்து அடைத்தது நான்தான் என்று கணவருக்குத் தெரியும். அவர் முறுக்குத் தட்டை அண்ணன் பக்கம் நகர்த்தினார்.

நான் விடாமல், எப்படிப்பட்ட பந்து பெரியத்தானுக்குப் பொருந்தும் என்பதை விளக்கினேன். செய்தித்தாள் ஓரத்தில் படம் போட்டேன். மிருதுவான பந்தில் வெள்ளை நிறமும் கிடைக்கிறது, அதை வாங்கினால் கை அதிராது, வளைவும் குறையும் என்றேன். முறுக்கு தீரும்வரை கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து, "நாறினாலும் இதுக்கு ஒரு பேரு இருக்கும்மா. இதை வச்சு அடிக்கிறவன்னு நாலு பேர் பாப்பான்" என்று சொல்லிவிட்டு, தேறாத பந்துகளையும் துணியில் துடைத்துப் பெட்டியில் அடுக்கி எடுத்துக்கொண்டு போனார். அழுக்கு என்று தெரிந்தபின்னும் மேலே இருக்கும் பெயருக்காக ஒருவர் அதைத் துடைத்து எடுத்துவைப்பதை நின்று பார்த்தேன்.

பங்குனியில் பாய் முடிவு சொன்னார். ஆலைக்குப் பின்னால் அவருடைய வயல், சம்பா அறுத்தபின் உளுந்து போடாமல் தரிசாகக் கிடந்தது. அங்கே வலை கிடையாது. இருவரும் ஆளுக்குப் பத்துப் பந்து அடிப்பது. யாருடைய பந்து அதிக தூரம் நேராகப் போகிறதோ அவருக்கு நாலாவது இடம். அளப்பது என் பொறுப்பு. நான் தவறாக அளக்கமாட்டேன் என்பதில் பெரியத்தானுக்கே சந்தேகம் இல்லை.

முதலில் நான் அடித்தேன். என் பந்து போய் இறங்குவதை முதல்தடவையாகப் பார்த்தேன். காய்ந்த வயலில் அறுத்த நெல் தாள்களுக்கு நடுவே புழுதி கிளம்பியது. அவ்வளவுதான் தெரிந்தது, அதுவே போதுமாக இருந்தது. ஏழு பந்துகள் நேராகப் போயின.

பிறகு அவர் அடித்தார். முதல் அடியிலேயே எனக்குச் சத்தம் வித்தியாசப்பட்டது. ஆறு மாதமாக நான் கேட்டுவந்த கணீரென்ற சத்தம் இல்லை. மந்தமான சத்தம், என் பந்தின் சத்தம். வளைவும் பாதியாகக் குறைந்திருந்தது. நாலாவது பந்து மிக நன்றாகப் போனது. பல் மருத்துவர் கைதட்டினார்.

டேப்பைப் பிடித்துக்கொண்டு போனேன். களிமண் வயல் காய்ந்து வெடிப்பு விட்டிருந்தது, கை நுழையும் அகலம். அவருடைய அந்தப் பந்து ஒரு வெடிப்புக்குள் விழுந்து கிடந்தது. வெடிப்பின் வாயை வைத்து அளந்தேன். என்னுடைய சிறந்த அடியைவிட நான்கு அடி அதிகம். பந்தை இரண்டு விரலால் எடுத்தேன். வெள்ளைப் பந்து, புதிது. கம்பெனிப் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் கறுப்பு மார்க்கரால் கட்டம் போட்டு அடைத்திருந்தது. பக்கத்தில் கையாலேயே டூர் பந்தின் பெயரை எழுதியிருந்தது. பள்ளிக்கூடப் பிள்ளை எழுத்து. விரல் ஈரத்தில் மை ஒட்டியது.

அளவை உள்ளபடியே சொன்னேன். பிறகு பந்தை பாயிடம் கொடுத்தேன்.

"இது என் பந்து பெரியத்தான். கலர்தான் வேற" என்றேன்.

அவர் கொஞ்சமும் கலங்கவில்லை. "பந்து எதுவா இருந்தா என்னம்மா? அடிச்சது நான்தானே" என்றார்.

"அதைத்தானே நானும் ஆறு மாசமா சொல்றேன்."

யாரும் சிரிக்கவில்லை. பாய் பந்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, எந்தப் பந்து என்று விதி எதுவும் போடவில்லையே மேடம், தூரம் தூரம்தான் என்று தர்மசங்கடமாகச் சொன்னார். அது சரிதான். அவர் தவறாகத் தீர்க்கவில்லை, நானும் தவறாக அளக்கவில்லை. நான்கு அடி நான்கு அடிதான். என்னை உறுத்தியது அந்த மார்க்கர் கட்டம். சொன்னதைக் கேட்டிருக்கிறார், நம்பியிருக்கிறார், கடைக்குப் போய் வாங்கியிருக்கிறார். அதை நான் சொன்னேன் என்பதை மட்டும் மை போட்டு அடைத்துவிட்டார்.

மறுநாள் காலை கணவர் காப்பி டம்ளரோடு சமையலறைக்கு வந்து, தன் இடத்தில் என்னைப் போகச் சொன்னார். குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"சாயங்காலம் களத்துல, உங்க அண்ணன் முன்னாடி இதைச் சொல்லுங்க. போறேன்" என்றேன்.

களத்தில் அவர் சொல்லவில்லை. அடுத்த நாளும் சொல்லவில்லை. அறையைப் பார்த்துக்கொள்ள நீயும் ஐந்தாவது ஆளாக வாயேன், மலை குளுகுளுவென்று இருக்கும் என்று பெரியத்தான் ஒரு நாள் பெருந்தன்மையாக அழைத்தார். அலுவலகத்தில் விடுப்பு இல்லை என்று சொல்லிவிட்டேன். விடுப்பு இருந்தது.

சித்திரையில் ஒரு விடியற்காலையில் கார் வந்து நின்றது. நான் பால் காய்ச்சிக்கொண்டிருந்தேன். கணவர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசல்வரை போனவர், திரும்பி சமையலறை நிலைக்கு வந்து நின்றார். அண்ணன் எல்லாருக்கும் சேர்த்து டூர் பந்து வாங்கிவந்திருக்கிறாராம். வெளியே கேட்காத குரலில், "எனக்கு எது சரிப்படும்?" என்று கேட்டார்.

அவர் முகத்தைப் பார்க்க எனக்கு அருவருப்பாக இருந்தது. தப்பான பந்தைச் சொல்லி அனுப்பலாம் என்று தோன்றாமல் இல்லை. ஆனால் சோதனைக்கு ஒரு மாதிரியைக் கொண்டுவந்து தரம் கேட்டால் பொய்யாகச் சொல்ல எனக்கு வராது.

"அலமாரியில மேல்தட்டுல என்னோட பெட்டி இருக்கு. அதை எடுத்துக்கங்க. புல்லு ஈரமா இருக்கும், ஒவ்வொரு தடவையும் துடைச்சுட்டு அடிங்க" என்றேன்.

எடுத்துக்கொண்டார். கார்க்கதவைத் திறக்கும் முன் அந்தப் பெட்டியைப் பையின் அடியில் வைத்து, மேலே துண்டைப் போட்டு மூடினார். நான் அடுப்பை அணைத்தேன்.