பயப்படுவதற்குச் சம்பளம்

என் சித்தி ஒரு தொடைநடுங்கி. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். சித்திக்குப் பட்டப்பகலிலும் பேய்தான். துணிக்கடையில் வேலை பார்த்தபோது, மேனேஜர் தொண்டையைச் செருமியதற்கே எல்லாவற்றையும் போட்டுவிட்டு வீட்டுக்கு ஓடி வந்தவள். அப்படிப்பட்டவளை ஒரு லிஃப்ட் கம்பெனி தேடிப் பிடித்து வேலைக்கு வைத்தபோது வீடே சிரித்தது. அதிகம் சிரித்தது நான்தான்.

லிஃப்ட் நடுவழியில் நின்றுவிட்டால் ஒரு பெண்குரல் ஆங்கிலத்தில் ஆறுதல் சொல்லும் அல்லவா? எந்த வார்த்தையைச் சொன்னால் மாட்டிக்கொண்டவர்களின் படபடப்பு அடங்குகிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். கம்பெனிப் பட்டறையின் கோடியில் இதற்கென்றே ஒரு லிஃப்ட் இருந்தது. சித்தி அதற்குள் ஸ்டூலில் உட்காருவாள். விரலில் நாடி பார்க்கும் கிளிப். கதவை மூடி, விளக்கை அணைத்து, பெட்டியை ஒரு குலுக்குக் குலுக்கி நிறுத்துவார்கள். பிறகு குரல் வரும். இன்ஜினியர் வெளியே உட்கார்ந்து திரையில் துடிப்பைப் பார்ப்பார். தைரியசாலிகளை வைத்து இந்த வேலையைச் செய்ய முடியாது.

சாயங்காலம் வந்து எனக்கு எல்லாவற்றையும் விளக்குவாள்.

“‘காம் டவுன்’னா திட்டுற மாதிரி இருக்குடி. நான் என்ன தப்பு பண்ணேன்னு இன்னும் படபடன்னு வருது. ‘டோண்ட் பேனிக்’ அதைவிட மோசம். அவ சொன்னப்புறம்தான் ஏதோ ஆகப்போகுதுன்னே தோணுது. ‘ரிமெய்ன் காம்’னு சொன்னதும் ஏதோ பெரிய அதிகாரி வந்துட்டாருன்னு எழுந்து நின்னுட்டேன்.”

“‘கீப் காம்’?”

“சுவத்துல ஒட்டின நோட்டீஸ். வேற யாருக்கோ சொல்றா.”

“அப்ப எதுதான் பிடிச்சிருக்கு?”

“ஸ்டே காம். பக்கத்துல உக்காந்து, கையைப் பிடிச்சுக்கிட்டுச் சொல்ற மாதிரி.” சற்று யோசித்தாள். “நேத்து பிடிச்சா.”

“நீ தனியாத்தானே உள்ள இருக்கே?”

“ஆமா” என்றாள், வெகு சாதாரணமாக.

அதன்பிறகு சித்தியின் பயம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. முதலில் எங்களுக்குச் சந்தோஷம்தான். ஆனால் அவள் இரண்டு பக்கமும் பார்க்காமல் ரோட்டைக் கடக்க ஆரம்பித்தாள். ஒருநாள் அடுப்பிலிருந்து அவளுடைய சட்டைக் கையில் தீப்பிடித்தது. அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். நான்தான் ஓடிப்போய் அடித்து அணைத்தேன்.

“சுடலையா சித்தி?”

“சுடுது.”

வேலையை விட்டுவிடச் சொல்லிக் கெஞ்சினேன். இப்படியே போனால் உயிர் மிஞ்சாது என்று சண்டையும் போட்டேன்.

“இத்தனை வருஷத்துல இப்பத்தான்டி நிம்மதியாத் தூங்குறேன். அதையும் கெடுத்துடாதே” என்றாள்.

இன்ஜினியருக்கும் அவள் பிரயோஜனப்படவில்லை. எவ்வளவு குலுக்கினாலும் துடிப்பு ஏறுவதில்லையாம். வேறு ஆள் இருந்தால் சொல்லும்படியும், கிடைக்கும்வரை வந்து போகும்படியும் சொல்லியிருந்தார். நானே போய்க் கணக்கு முடித்து அவளைக் கூட்டிவந்துவிடுவது என்று ஒரு மத்தியானம் கிளம்பினேன்.

நான் போனபோது பட்டறையில் புகை. ஏதோ மோட்டார் கருகியிருந்தது. எல்லோரும் வாசலில் நின்று இருமிக்கொண்டிருந்தார்கள். சித்தியை யாருக்கும் நினைவில்லை. உள்ளே ஆள் இருந்தால் கத்துவார்கள், கதவைத் தட்டுவார்கள். அப்படி எந்தச் சத்தமும் வரவில்லை என்றார்கள்.

நானும் மெக்கானிக்கும் ஓடினோம். அவர் கடப்பாறையால் கதவை நெம்பினார். உள்ளே புகைக்கு நடுவே சித்தி கண்ணில் நீர் வழிய உட்கார்ந்திருந்தாள். ஸ்டூலின் ஓரத்தில், இன்னொருவர் உட்கார இடம் விட்டு உட்கார்ந்திருந்தாள். குரல் அப்போதும் ‘ஸ்டே காம், ஸ்டே காம்’ என்று சொல்லிக்கொண்டே இருந்தது.

வாசலுக்கு இழுத்து வந்து அவளைக் கட்டிக்கொண்டு அழுதேன்.

“ஏன் சித்தி கத்தலை?”

“கத்தணும்னு தோணலை.”

“பயப்படு சித்தி. கொஞ்சமாவது பயப்படு.”

அவள் என் மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்தாள். “எவ்வளவு வேகமா அடிக்குது உனக்கு” என்றாள், வாஞ்சையாக. பிறகு இன்ஜினியர் பக்கம் திரும்பினாள்.

“சார், ஆள் கேட்டீங்களே. இவ சரியா இருப்பா.”

இன்ஜினியர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். நான் கையை இழுத்தேன். சித்தி விடவில்லை.