பதினோராம் பக்கத்து மஞ்சள்

அந்த மூன்று பெண்களும் சிறுவர் அலமாரியின் முன்னால் நின்றிருந்த மதியம் எனக்குள் அப்படியே இருக்கிறது. சோமனூர்ப் பக்கம் ஒரு விசைத்தறி ஊரின் கிளை நூலகத்தில் நான் நூலகராகச் சேர்ந்து இரண்டரை வருடம் ஆகியிருந்தது. மாதத்தில் ஒருநாள் பராமரிப்பு வேலைக்காகக் காலையிலிருந்து சாயங்காலம் வரை கரண்ட் இருக்காது. அன்று ஊர் முழுக்கத் தறிகள் நின்றுவிடும். மற்ற நாட்களில் சுவரில் கை வைத்தால்கூட அதிர்வாகத் தெரிகிற சத்தம் அது. அது இல்லாத நாளில் காது அடைத்துக்கொண்டதுபோல் இருக்கும். தறிக்குப் போகிற பெண்கள் பிள்ளைகளுக்குப் புத்தகம் மாற்ற வருவது அன்றைக்குத்தான். அறையில் அரையிருட்டு. மூவரும் ஒவ்வொரு புத்தகமாக உருவினார்கள். அட்டையைப் பார்க்கவில்லை, படம் பார்க்கவில்லை. தொடக்கத்தில் ஏதோ ஒரு பக்கத்தைத் திறந்து ஜன்னல் வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பிடித்தார்கள். சிலவற்றை மார்போடு வைத்துக்கொண்டார்கள். சிலவற்றைச் சட்டென்று மூடி, இருந்த இடத்திலேயே செருகினார்கள். மூவரும் திறந்தது ஒரே பக்கம். மூவருக்கும் எழுத்துத் தெரியாது. பிள்ளைகளின் உறுப்பினர் படிவத்தில் அவர்களிடம் கைநாட்டு வாங்கியதே நான்தான். சற்றுத் தள்ளி முக்காலியில் உட்கார்ந்திருந்த சீல் அக்கா, அவர்களையும் பார்க்காமல் என்னையும் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் எங்கள் நூலக உதவியாளர். புதுப் புத்தகங்களுக்கு முத்திரை குத்துவது அவர் வேலை என்பதால் பிள்ளைகள் வைத்த பெயர் அது.

பெண்கள் போனதும் நான் போய்த் திறந்து பார்த்தேன். பதினோராம் பக்கம். நூலகங்களில் ஒரு வழக்கம் உண்டு. முதல் பக்கத்தைக் கிழித்துவிட்டால் புத்தகம் யாருடையது என்று தெரியாமல் போகும் என்பதால், உள்ளே ஏதாவது ஒரு பக்கத்திலும் முத்திரையும் எண்ணும் போட்டு வைப்போம். இரகசியப் பக்கம் என்போம். எங்கள் கிளைக்கு அது பதினொன்று. ஊழியர்களைத் தவிர யாருக்கும் தெரியக் கூடாது. அந்தப் பக்கத்தின் கீழ் மூலையில், புதுத் துணி உடுத்தும் முன் ஓரத்தில் தொட்டு வைப்போமே, அதுபோல மஞ்சள் தொட்டு வைத்திருந்தது. சின்னப் பிள்ளையின் விரல் நுனி அளவுதான். அடுத்த புத்தகத்திலும் இருந்தது. அதற்கடுத்ததில் இல்லை. முந்தின நாள்தான் கட்டுப் பிரித்து அடுக்கிய, ஒருவர்கூட இன்னும் எடுத்துப் போகாத புத்தகங்களைத் திறந்தேன். அவற்றிலும் மஞ்சள் இருந்தது. ரேகைகூடத் தெரிந்தது.

மறுநாள் சாயங்காலம் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளைப் பிடித்துக் கேட்டேன். ஒருத்தியை ஒருத்தி இடித்துக்கொண்டார்கள். கடைசியில் ஒருத்தி சொன்னாள், “அது மஞ்சப் பாப்பாங்க மேடம். செத்துப்போன பாப்பாங்க. நமக்கு முன்னால அது கதைக்குள்ள போயிப் பாத்துப்போட்டு வந்துருமுங்க. அது தொட்டு வெச்சிருந்தா பயமில்லீங்க.”

“தொடாம இருந்தா?”

“அது இன்னும் திரும்பி வரலைன்னு அர்த்தமுங்க. உள்ளயே நின்னுருச்சுங்க.”

“இவ தொடாதத எடுத்துட்டுப் போயி மூணு நாள் காச்சல்ல கெடந்தாளுங்க மேடம்” என்றாள் இன்னொருத்தி.

“அது பானி பூரி தின்னதுனாலடி!”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் அன்று நூலகத்தைப் பூட்டும்போது சிறுவர் அலமாரிப் பக்கம் நான் திரும்பிப் பார்க்கவில்லை. அதை நினைத்து எனக்கே என் மேல் கோபம் வந்தது. என் அப்பாவும் அம்மாவும் ஆனைமலைப் பக்கத்துத் தென்னந்தோப்புகளில் கூலி வேலை செய்தவர்கள். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்குள் முதலில் கால் வைத்தவள் நான். பேய் பிசாசெல்லாம் எழுத்துத் தெரியாதவர்களின் சொத்து என்று நினைத்துக்கொண்டிருந்த வயது அது.

கர்வம் எனக்கு நிறையவே இருந்தது, இப்போதும் இருக்கிறது. வருடா வருடம் எங்கள் கிளைக்கு வேண்டிய சிறுவர், இளையோர் புத்தகங்களுக்குப் பட்டியல் அனுப்ப வேண்டும். மற்றவர்கள் விலைப்பட்டியலைப் பார்த்து டிக் அடித்து அனுப்புவார்கள். நான் அப்படிச் செய்ததில்லை. பதிப்பகங்களிலிருந்து வரும் மாதிரிப் பிரதிகளை, சீல் அக்கா முத்திரை குத்தி முடித்ததும், ஒரு மாதம் மேசையில் பரப்பி வைப்பேன். எதைப் பிள்ளைகளும் தாய்மாரும் எடுக்கிறார்கள், எதைத் தொடாமல் விடுகிறார்கள் என்று நோட்டில் குறித்து, எடுத்த மாதிரியான புத்தகங்களையே கேட்டு எழுதுவேன். இரண்டு வருடமாக யாரும் எடுக்காதவற்றை அலமாரியிலிருந்து கழித்துக் கட்டுக்கட்டிப் பின்னறையில் போடுவேன். மஞ்சளைப் பார்த்த அதே வாரம்தான் அந்த வருடத்துக் கழிப்பையும் முடித்தேன். ஒரு கூட்டத்தில் மேலதிகாரி என்னை எழுப்பி நிறுத்தி, இந்தக் கிளையில் மட்டும் புத்தகம் தூங்குவதே இல்லை என்று பாராட்டினார். அன்று வாங்கிய கைதட்டலை அம்மாவிடம் போனில் நாலு தடவை சொன்னேன்.

மஞ்சளைப் பார்த்து ஒரு வாரம் இருக்கும். ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி வந்தாள். வழக்கமாகத் துப்பறியும் கதைகளாக அள்ளிக்கொண்டு போகிறவள். அவள் அப்பா தறிக்குடோனில் வேலை பார்த்துக்கொண்டிருந்தபோதே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்து இறந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. மேசைக்கு வந்து, முத்திரை மைப்பெட்டியைத் திறந்து திறந்து மூடிக்கொண்டே கேட்டாள்.

“ஏனுங்கக்கா, ஊட்ல ஒருத்தரு செத்துப்போனதுக்கப்பறம் மிச்சம் இருக்கறவங்க என்ன பண்ணுனாங்கன்னு வர்ற கதெ எதாச்சும் இருக்குங்களா?”

எதற்கு என்று கேட்டேன். “எங்கம்மா செவுத்தயே பாத்து உக்காந்திருக்குதுங்க. சோறு திங்க மாட்டீங்குது. கதெயில அதுக்கெல்லாம் என்ன பண்றாங்கன்னு பாக்கலாம்னுதானுங்க.”

இல்லாமலா போகும், எடுத்து வைக்கிறேன், சனிக்கிழமை வா என்றேன். அத்தனை நிச்சயமாகச் சொன்னேன்.

வெள்ளிக்கிழமை நூலக விடுமுறை. சாவி என்னிடம் இருந்ததால் காலையிலேயே போய் உட்கார்ந்தேன். ஜன்னல்களைத் திறக்கவில்லை. முதல் தட்டின் இடது மூலையிலிருந்து தொடங்கினேன். வேகமாகப் புரட்டத் தெரியும் எனக்கு. கடைசி அத்தியாயத்தைப் பார்த்தாலே போதும். காட்டில் தொலைந்தவர்கள் திரும்பி வந்தார்கள். ஆற்றில் விழுந்தவர்கள் கரை ஏறினார்கள். காய்ச்சலில் கிடந்தவர்கள் கஞ்சி குடித்தார்கள். வயதான தாத்தாக்கள் வயதாகிக்கொண்டே இருந்தார்கள். நாய் பூனைகூடச் சாகவில்லை. மதியம் ஒன்றரைக்கு மூன்றாவது அலமாரியை முடித்து எண்ணிக்கை பார்த்தேன். எண்ணூற்றுச் சொச்சம் புத்தகங்கள். அத்தனை பேர் நடமாடுகிற அறையில் ஒருவர்கூடச் சாகவில்லை. எங்கேயும் யாரும் யாருக்காகவும் அழுது முடித்து எழுந்திருக்கவில்லை. எல்லாப் புத்தகத்திலும் பதினோராம் பக்கத்தில் மஞ்சள்.

பின்னறைக்குப் போனேன். நானே கட்டிப் போட்டிருந்த கழிவுக் கட்டுகளின் கயிற்றை அறுத்தேன். மஞ்சள் இல்லாத புத்தகங்கள். முதலில் எடுத்ததில் ஒரு அண்ணன் லாரி மோதிச் செத்திருந்தான். அடுத்ததில் அம்மா. அடுத்ததில் ஒரு ஊரே வெள்ளத்தில் போயிருந்தது. செத்தவர்களை எல்லாம் சணல் கயிறு போட்டுக் கட்டி, வெளிச்சமில்லாத அறையில் அடுக்கி வைத்திருந்தது நான்தான். மேசையில் பரப்பி வைத்தேன், எடுத்ததை எண்ணினேன், எண்ணியதை வைத்துப் பட்டியல் போட்டேன். என் படிப்பு, என் தேர்வு, எனக்கு விழுந்த கைதட்டல். எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு மஞ்சள் விரல் போய்த் தேர்ந்தெடுத்து வைத்துவிட்டு வந்திருந்தது.

புத்தகம் வந்ததும் முதலில் பதினோராம் பக்கத்தைத் திறக்கிற ஆள் யாரென்று யோசிக்க நேரம் ஆகவில்லை. சனிக்கிழமை காலையில் சீல் அக்கா கூட்டி முடித்து வந்ததும் பின்னறைப் புத்தகக் கட்டு ஒன்றை அவர் முன்னால் வைத்தேன்.

“மஞ்ச வெக்கறது நீங்கதானுங்களேக்கா?”

“ஆமாங் அம்மணி” என்றார். எப்போதும் மேடம் என்றுதான் கூப்பிடுவார்.

“சாவு வராத புஸ்தகத்துக்கு மட்டும்?”

“ஆமாங். முத்திர குத்தறதுக்கு முன்னால பூராத்தையும் படிச்சுப்போடுவேன். தறிக்குப் போற புள்ளைக சாவு வராத கதெயாக் கேக்குதுக, ரண்டு குச்சி நிக்கற பக்கத்தப் பாருங்கன்னு ஒருத்திகிட்டச் சொன்னேன். அவ இன்னொருத்திகிட்டச் சொல்லிப்போட்டா.” சுண்டுவிரலை நீட்டிக் காட்டினார். மெலிந்த, சின்ன விரல். “நம்பர் வாசிக்கத் தெரியாட்டியும் ரண்டு குச்சி தெரியுமில்லீங்களா?”

நான் திட்டுவதற்கு வார்த்தைகளை அடுக்கி வைத்திருந்தேன். நான் கேட்காமலே அவர் சொல்லத் தொடங்கினார். முன்பு அவரும் தறிக்குப் போனவர். எழுத்துத் தெரியாது. ஒரே மகள், பதினொரு வயது, இரத்தத்தில் ஏதோ நோய், கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் மாதக்கணக்கில் கிடந்தாள். படிக்கிற பிள்ளை. இதே நூலகத்தில் உறுப்பினர். “யாரும் சாகாத கதையாப் பாத்து எடுத்துட்டு வாம்மான்னு சொல்லி உட்டாளுங்க. இங்க வந்து நின்னேன். அப்ப இருந்த ஐயாகிட்ட எனக்குப் படிக்கத் தெரியாதுன்னு சொல்ல வெக்கமாப் போச்சு. எல்லாப் புஸ்தகத்தையும் தெறந்து பாக்கற மாதிரி பாத்தேன். ஒண்ணுல அட்டையில ஒரு புள்ள ஊஞ்சல்ல உக்காந்து அப்படிச் சிரிச்சுட்டு இருந்துச்சுங்க. இதுல எப்படிச் சாவு வரும்?”

மகள் இரண்டு நாளில் படித்து முடித்தாளாம். மூடித் தலையணைக்கடியில் வைத்தாளாம். பிறகு, நான் இல்லாட்டி நீ சோறு திம்பியாம்மா என்று கேட்டாளாம். அம்மா அந்தப் புத்தகத்தை நர்ஸிடம் கொண்டுபோய்க் காட்ட, நர்ஸ் புரட்டிப் பார்த்து, இந்தப் புள்ள செத்துப்போகுதேம்மா, இதையா குடுத்தீங்க என்று கேட்டிருக்கிறாள். பத்து நாளில் எல்லாம் முடிந்துவிட்டது.

“நானேதான் என்ற புள்ள கையில சாவக் கொண்டுபோயிக் குடுத்தேன்” என்றார். அதன்பிறகு இங்கே கூட்டுகிற வேலைக்கு வந்து, சிறுவர் பகுதிப் புத்தகங்களைக் கொண்டே எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றுக்கொண்டார். எல்லாம் படித்தார். ஊஞ்சல் புத்தகத்தை மட்டும் திறந்ததில்லை. நான் கழித்தபோது அதைக் கட்டின் அடியில் போட்டுக் கயிற்றை இறுக்கியது அவர்தான்.

அன்று சாயங்காலம் ஒன்பதாம் வகுப்புப் பெண் வந்தாள். கட்டைக் காட்டி, உனக்கு வேண்டியது இதில்தான் இருக்கிறது, பார்த்து எடு என்றேன். அவள் உட்கார்ந்து ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்து, கடைசியில் ஊஞ்சல் புத்தகத்தோடு எழுந்தாள். அட்டை வெளிறி, சிரிக்கிற பிள்ளையின் முகத்தில் பல் மட்டும்தான் மிச்சம் இருந்தது. வாங்கி வைத்துவிடலாமா என்று எனக்குக் கை பரபரத்தது. சீல் அக்கா தேதி முத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

“இதுல யாருங்கக்கா சாகறது?” என்று அவள் அவரைக் கேட்டாள்.

“தெரியாது கண்ணு. நா படிச்சதில்ல. நீ படிச்சுப்போட்டு வந்து சொல்லு.” முத்திரை கோணலாக விழுந்தது.

அந்த ஒன்பது நாளும் சைக்கிள் சத்தம் கேட்டால் இருவரும் நிமிர்ந்து பார்த்தோம். ஒரு புத்தகத்துக்குள் ஒரு பிள்ளையை அனுப்பிவிட்டு வாசலில் நிற்பதுபோல் இருந்தது. பத்தாம் நாள் அவள் வந்தாள். புத்தகத்தைத் திருப்பித் தரவில்லை. இன்னொரு தவணை வேண்டும் என்றாள்.

“ஊஞ்சல் ஆடற புள்ள பாதியிலயே செத்துப்போகுதுங்க. அதுக்கப்பறம் பூரா அவங்கம்மா கதெதானுங்க.”

சீல் அக்கா மேசைக்கு வந்தார். “அந்தம்மா என்ன பண்ணுது?”

“ஒண்ணும் பண்றதில்லீங்க. சும்மா உக்காந்திருக்குதுங்க. திங்கறதில்ல. கடைசியில ஒருநாள் தானா எந்திரிச்சு, ஒல வெச்சு, சோறாக்கித் திங்குதுங்க. அவ்வளவுதானுங்க.”

“என்ன கொழம்பு?”

“அது எழுதலீங்களேக்கா.” அவள் கொஞ்சம் யோசித்தாள். “எங்கம்மாவுக்குப் படிச்சுக் காட்டுனேனுங்க. இன்னொருக்காப் படின்னுச்சு. அதுக்குத்தானுங்க ரினீவல்.”

சீல் அக்கா பின்னறைக்குப் போனார். நான் போகவில்லை. சீல் அக்காவின் மகள் அன்றைக்கே கடைசிப் பக்கம் வரை படித்திருக்கிறாள், தன் சாவைத் தாண்டி அம்மாவின் சோறு வரைக்கும் போய்ப் பார்த்துவிட்டுத்தான் அந்தக் கேள்வியைக் கேட்டிருக்கிறாள் என்பது எனக்கே அப்போதுதான் உறைத்தது. அவருக்கு அது எனக்கு முன்பே உறைத்திருக்க வேண்டும்.

இப்போது அவர் ஓய்வு பெற்று, கொடுமுடியில் தம்பி வீட்டோடு இருக்கிறார். நான் யாரிடமும் புகார் எழுதவில்லை. கட்டுகளைப் பிரித்துப் பாதிக்கு மேல் அலமாரிக்கே கொண்டுவந்துவிட்டேன். எடுத்த எண்ணிக்கையை மட்டும் பார்த்துப் புத்தகம் கழிப்பதை விட்டுவிட்டேன். கேட்கிற தாய்மாருக்கு வாயாலேயே சொல்கிறேன், இதில் ஒரு சாவு வருகிறது, வேண்டுமா என்று. சிலர் வைத்துவிடுகிறார்கள். சிலர் கொஞ்ச நேரம் நின்று, எடுத்துக்கொண்டு போகிறார்கள். பட்டியல் அனுப்புகிற மாதம் வந்தால் சீல் அக்காவிடமிருந்து தவறாமல் போன் வரும். இந்த வருடமும் வந்தது. ஊர் நிலவரமெல்லாம் கேட்டு முடித்த பிறகு, அவர் வழக்கமாகக் கேட்பதைக் கேட்டார்.

“லிஸ்ட்டுல இந்தவாட்டி எத்தன பேரு சாகறாங்க அம்மணி?”

“நாலு பேருங்கக்கா.”

மறுமுனையில் பாத்திரம் ஒன்றை இறக்கி வைக்கும் சத்தம் கேட்டது.

“அவ்வளவு பெரிய ஊருக்கு நாலு போதுமா கண்ணு?” என்றார்.