லண்டன் பெட்டிகள் முதலில்

எழுபதுகளின் நடுவில் சின்னக்கானல் பக்கம் ஒரு தேயிலை ஃபேக்டரியில் நான் கிளார்க். பெட்டிகளை லாரியில் ஏற்றிக் கொச்சித் துறைமுகத்துக்கு அனுப்புவது என் பொறுப்பு. அங்கே அவற்றை வாங்கிக் கப்பலேற்றும் ஏஜென்ட்டின் குடோனில் ஒரு சூப்பர்வைசர் இருந்தார். கொழிஞ்சாம்பாறைக்காரர். நேரில் பார்ப்பதற்கு முன்பே அவரை எனக்குப் பிடிக்காது. அவர் எழுதும் கடிதங்கள் அப்படி.

ஒரு மழைக்காலத்தில், எங்கள் பெட்டிகளால்தான் கப்பல் சரக்கேற்றி முடியாமல் துறையிலேயே நிற்கிறது, அந்த இடத்துக்காக இன்னொரு கப்பல் வெளிக்கடலில் காத்துக் கிடக்கிறது என்று எழுதியிருந்தார். மேனேஜர் கடிதத்தை என் மேசைமேல் வீசினார்.

"நீயே போய்ப் பதில் சொல்லிட்டு வா."

மறுநாள் லாரியிலேயே போனேன். சூப்பர்வைசர் என்னை உட்காரச் சொல்லவில்லை.

"ஏனுங்க, மலையில இருக்கறவங்களுக்குப் படிக்கத் தெரியாதுங்களா? லண்டன் பெட்டியும் ஹாம்பர்க் பெட்டியும் ஒரே லாரியில கலந்து வருதுங்க."

அவருடைய 'ங்க' ஒவ்வொன்றும் அடி போல விழுந்தது.

"ரெண்டும் ஒரே கப்பல்லதான போவுது? பிரிக்கத்தான இங்க ஆளுக இருக்காக?"

"உள்ள வந்து பாருங்க."

பெட்டிகளை வந்த வரிசையிலேயே கூரைவரை அடுக்கியிருந்தார்கள். கப்பலுக்குக் கடைசித் துறை லண்டன். அதனால் லண்டன் பெட்டிகள்தான் முதலில் கப்பலின் அடிக்குப் போக வேண்டும். அவையோ ஹாம்பர்க் பெட்டிகளுக்குக் கீழே கிடந்தன. தொழிலாளர்கள் ஒவ்வொன்றாக இறக்கித் தேடினார்கள். வெளியே கிரேன் சும்மா நின்றது. தப்பு எங்களுடையதுதான். ஆனால் வாசலில் லாரிகள் தெருமுனைவரை நின்றதையும் பார்த்தேன்.

"எல்லா எஸ்டேட்டையும் ஒரே நாள்ல அனுப்பச் சொல்லி எழுதுனது யாரு? நீங்கதான?"

"எங்க குடோன நடத்தச் சொல்லித் தர வந்தீங்களாக்கும்? பொழுதோட மலையேறுங்க."

அடுத்த கப்பலுக்கு லண்டன் பெட்டிகளில் சிவப்புக் கோடு போட்டுத் தனியே பிரித்தேன். அவை முதலில் வரும், ஹாம்பர்க் பெட்டிகள் இரண்டு நாள் கழித்து என்று எழுதினேன். எல்லாம் ஒரே நாளில்தான் வர வேண்டும், பிரித்து அனுப்பினால் லாரி வாசலிலேயே நிற்கும் என்று பதில் வந்தது. அனுப்பினேன். சொன்னபடியே அரைநாள் மழையில் நிறுத்தி வைத்தார். எங்கள் டிரைவர் நகரவில்லை. மற்ற எஸ்டேட்டுகளின் லண்டன் பெட்டிகள் குடோனில் அடியில் சிக்கி, கப்பலில் ஏற்ற வேறு பெட்டி கைக்கு எட்டாமல் போனபோது கேட்டைத் திறந்தார்கள். சிவப்புக் கோட்டுப் பெட்டிகள் குடோனைத் தொடாமல் லாரியிலிருந்து நேரே கப்பலுக்குப் போயின. பின்னால் வந்த ஹாம்பர்க் பெட்டிகளும் அப்படியே ஏற, அந்தக் கப்பல் முந்தையதைவிட இரண்டு நாள் குறைவாகத் துறையில் நின்று கிளம்பியது.

அடுத்த மாதமே எல்லா எஸ்டேட்டுக்கும் ஒரு சுற்றறிக்கை வந்தது. நாள் பிரித்து அனுப்புவது, கோடு போடுவது, எல்லாம் என்னுடையவை. கீழே அவர் கையெழுத்து. அடுத்த லாரியிலேயே போய்க் கேட்டேன்.

"என் யோசனையில உங்க கையெழுத்தப் போட்டுருக்கீக?"

"கப்பல் சீக்கிரம் போகுதுங்கல்ல? யாரு யோசனையா இருந்தா என்னங்க?"

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. ஆத்திரம் அதனாலேயே கூடியது. அதன் பிறகு எத்தனையோ கடிதங்கள் அவருக்கு எழுதினேன். ஒன்றைக்கூட 'அன்புள்ள' என்று தொடங்கியதில்லை.