குப்பனூர் ரோட்டில் ஒழுகிய வேன்

பிரிஸ்கில்லா வண்டி ஓட்டக் கற்றுக்கொண்டது முப்பத்தொன்பதாம் வயதில். அதுவரை ஏற்காட்டு மலையில் கிளியூரில் தையல் மிஷினை மிதித்துக்கொண்டிருந்தவள். கணவன் எல்வினுக்குப் பக்கவாதம் வந்து இடது கை விழுந்துவிட, அவன் ஓட்டிய பழைய வேன் வாசலில் சும்மா நின்றது. விற்கலாம் என்றால் வாங்க ஆளில்லை. சரி, நாமே ஓட்டிவிடுவோம் என்று ஏறி உட்கார்ந்தாள். எட்டு வருஷம் ஓடிவிட்டது. பள்ளிப் பிள்ளைகள், எஸ்டேட் ஆட்கள், கல்யாண வீட்டுப் பாத்திரங்கள் என்று எல்லாம் அதில்தான் போகும்.

வேனுக்கு ஒரே ஒரு நோய். என்ஜின் ஆயில் ஒழுகும். ஏற்காட்டு மெக்கானிக் எட்டிப் பார்த்துவிட்டு, "என்ஜினை எறக்கோணுங்க. ஒரு வாரம் வண்டியை உட்டுட்டுப் போங்க" என்றார். ஒரு வாரம் எப்படி விடுவது? செவ்வாயும் சனியும் சந்திரசேகரைச் சேலத்துக்குக் கூட்டிப் போக வேண்டும். எஸ்டேட்டில் முப்பது வருஷம் கணக்கு எழுதும் ரைட்டராக இருந்தவர். இரண்டு கிட்னியும் கைவிட்டுவிட்டன. டயாலிசிஸ் ஒரு தடவை தப்பினாலும் உடம்பில் நீர் ஏறிவிடும்.

அதனால் வைத்தியம் வீட்டிலேயே நடந்தது. வைத்தியர் எல்வின். வண்டிக்கு அடியில் படுக்க அவனால் முடியாது. நாற்காலி போட்டு உட்கார்ந்து உத்தரவு போடுவான். கீழே படுப்பவள் பிரிஸ்கில்லா. முதலில் துணி துவைக்கும் சோப்பைப் பிசைந்து அப்பச் சொன்னான். ஒரு வாரம் தாங்கியது. பிறகு பக்கத்து வீட்டுக் குழந்தையின் டயப்பரைக் கேட்டு வாங்கிக் கட்டச் சொன்னான். "புள்ளைங்க மூத்திரத்தையே உறிஞ்சுது, ஆயிலை உறிஞ்சாதா?" என்று கேட்டான். உறிஞ்சத்தான் செய்தது. ஆனால் சைலன்சர் சூட்டில் கருகி, ஏரிக்கரையில் வண்டி நின்றபோது கரும்புகை கிளம்பியது. படகில் இருந்த ஆட்களெல்லாம் எழுந்து நின்று பார்த்தார்கள். கடைசியாக, கிறிஸ்துமஸுக்கு கேக் சுடும் தகரத் தட்டைக் கம்பி போட்டு என்ஜினுக்கு அடியில் தொங்கவிடச் சொன்னான். சொட்டுவது தட்டில் நிற்கும். சாயங்காலம் எடுத்து வடிகட்டித் திரும்ப ஊற்றிக்கொள்வாள்.

இந்த வைகாசியில் மூன்று நாள் விடாமல் மழை அடித்தது. சேலம் போகும் பெரிய ரோட்டில் மண் சரிந்து போக்குவரத்து நின்றது. செவ்வாய்க்கிழமை டயாலிசிஸ் தப்பிப் போயிற்று. புதன் காலை சந்திரசேகரின் மனைவி புவனா ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டாள். பதினொரு மணிக்குள் வந்தால் மிஷின் தருவோம், தாண்டினால் வேறு ஆளுக்குப் போய்விடும் என்றார்கள். குப்பனூர் ரோடு மட்டும் திறந்திருந்தது.

எட்டரைக்கு வேன் கிளம்பியது. சந்திரசேகரின் முகம் ஊதியிருந்தது. படுக்க முடியவில்லை, பின் இருக்கையில் நிமிர்ந்து உட்கார்ந்து, ஒவ்வொரு மூச்சையும் இழுத்து இழுத்து வாங்கினார். முன்னால் பிரிஸ்கில்லா பக்கத்தில் புவனா, ஆஸ்பத்திரிப் பையை மடியில் வைத்துக்கொண்டு.

பாதி மலை இறங்கியிருப்பார்கள். ஒரு வளைவில் சரிந்த மண்ணை அள்ளிவிட்டு, ஒரு வண்டி போகும் அளவுக்கு வழி விட்டிருந்தார்கள். சேற்றுக்குள் கல் கிடந்தது தெரியவில்லை. அடியில் 'டங்' என்று ஒரு சத்தம். அடுத்த வளைவு திரும்புவதற்குள் ஆயில் லைட்டு சிவப்பாக எரிந்தது.

ஓரம் கட்டி என்ஜினை அணைத்தாள். ஈரத்தில் மல்லாந்து படுத்து உள்ளே பார்த்தாள். என்ஜினுக்கு அடியில் ஆயில் நிற்கும் சேம்பரில் விரல் நீளத்துக்கு ஒரு விரிசல். சொட்டுச் சொட்டாக இல்லை, நூல் போல இறங்கியது. கேக் தட்டு நசுங்கியிருந்தாலும் பாதியைப் பிடித்துக்கொண்டிருந்தது. எல்வினைக் கூப்பிடலாம் என்று போனை எடுத்தாள். சிக்னல் இல்லை.

"என்ன ஆச்சுங்க டீச்சர்?" என்றாள் புவனா. தையல் சொல்லிக்கொடுத்த காலத்துப் பழக்கம், இன்னும் டீச்சர்தான்.

"பையில சோப்பு இருக்குதுங்களா?"

குளிக்கிற சோப்பு இருந்தது. உள்ளங்கையில் வைத்துத் தண்ணீர் தொட்டுப் பிசைந்து, விரிசலில் அழுத்தினாள். சூடு விரலைச் சுட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு மூச்சு எண்ணினாள். நூல் சொட்டாக மாறியது. தட்டிலிருந்த ஆயிலைப் புவனாவின் துண்டில் வடிகட்டினாள். ஊற்றும் வாய் முன் இருக்கைக்கு அடியில். புவனாவை இறக்கி, இருக்கையைத் தூக்கி, ஊற்றி, கைவசம் வைத்திருந்த அரை லிட்டரையும் சேர்த்தாள். என்ஜினைப் போட்டதும் லைட்டு அணைந்தது.

இரண்டே வளைவு. மறுபடி எரிந்தது. நிறுத்திக் குனிந்து பார்த்தால் சோப்பு கரைந்து வழிந்து, தட்டில் மல்லிகை வாசத்தோடு நின்றது.

சந்திரசேகர் பின்னாலிருந்து சொன்னார். "என்ஜினை... ஆஃப் பண்ணிட்டு... உருட்டி உட்டுடு கண்ணு. எறக்கந்தானே."

அவளும் அதையேதான் யோசித்துக்கொண்டிருந்தாள். மணி ஒன்பதே முக்கால். ஆயில் இல்லாமல் ஓட்டினால் என்ஜின் இறுகிப் போகும். கியர் இல்லாமல் உருட்டினால் பிரேக் ஒன்றுதான் துணை. ஈர ரோடு, இன்னும் எத்தனையோ கொண்டை ஊசி வளைவுகள். இடது பக்கம் பார்த்தாள். காப்பிச் செடிகளுக்குக் கீழே ஒன்றுமே தெரியவில்லை, வெறும் மூடுபனி.

"பிரேக் சூடேறிப் புடிக்காமப் போச்சுன்னா பள்ளத்துலதானுங்க ரைட்டரய்யா" என்றாள். "என்ஜின் போனாப் போகட்டும். உருட்டி மட்டும் உட மாட்டேன்."

அப்போது மேலிருந்து ஒரு பைக் வந்தது. வெள்ளக்கடை என்ற ஊர்க்காரர் மாதப்பன், மலை விவசாயி. பின்னால் டியூப் ரப்பரால் இறுக்கிக் கட்டிய இரண்டு பலாக்காய். பிரிஸ்கில்லாவுக்கு முன்பின் தெரியாதவர். வண்டியை நிறுத்தி, எட்டிப் பார்த்து, பின் இருக்கையில் இருந்தவரின் மூச்சையும் கேட்டார். வேறு எதுவும் விசாரிக்கவில்லை.

"ஏனுங்க, பலாப்பால் வெச்சு ஒட்டுனா நிக்குமுங்களா?"

"சூட்டுல இளகிருமுங்களே."

"இளகுனாலும் உடாதுங்க. எங்கூட்டுல ஓட்டைக் குண்டாவை அதுலதான் ஒட்டி வெச்சிருக்கறோம்."

பிரிஸ்கில்லா பலாக்காயைப் பார்க்கவில்லை. அதைக் கட்டியிருந்த டியூப் ரப்பரைப் பார்த்தாள்.

"அந்த ரப்பரைக் குடுங்க. பாலும் வேணும்."

மாதப்பன் அரிவாளை எடுத்துக் காம்பைக் கொத்தினார். பால் வெள்ளையாகக் கொட்டியது. ரப்பரில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு துண்டு வெட்டி, பாலைத் தடவினாள். புவனா கேட்காமலே தன் பழைய சேலை முந்தானையைக் கிழித்துக் கொடுத்தாள். அதைக் கொண்டு விரிசலைச் சுற்றித் துடைத்து, ரப்பர்த் துண்டை அப்பினாள். மீதி ரப்பரை வண்டிச் சட்டத்தின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கு இழுத்துக் குறுக்கே இறுக்கினாள். முடிச்சை முறுக்க ஒரு காப்பிச் செடிக் குச்சி. கையெல்லாம் பிசின், முடியிலும் ஒட்டிக்கொண்டது. எட்டு வருஷமாகத் தரையில் படுத்துக் கேட்ட எல்வினின் உத்தரவுகளில் இது எதுவும் இல்லை.

ஒழுக்கு நிற்கவில்லை. ஆனால் மெதுவாக, மனசு வந்தால் விழுவதுபோலச் சொட்டியது.

"நான் முன்னால போறனுங்க. எதுத்தாப்புல வர்ற வண்டியை நிறுத்தி வெக்கறேன்" என்று சொல்லி, பலாக்காய்களை வேனுக்குள் தள்ளிவிட்டு மாதப்பன் கிளம்பினார்.

இரண்டு வளைவுக்கு ஒரு தடவை நிறுத்தம். பிரிஸ்கில்லா தட்டை உருவுவாள், புவனா இறங்குவாள், இருக்கை எழும், ஆயில் உள்ளே போகும், புவனா ஏறுவாள். மூன்றாம் தடவை புவனாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே அழுதாள். சந்திரசேகரின் பக்கம் திரும்பிப் பார்க்க இருவருக்கும் பயம். அவர் மூச்சின் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. அது கேட்கும்வரை சரி என்று பிரிஸ்கில்லா ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தாள். கடைசி வளைவுகளில் லைட்டு மினுக்கியது. பார்க்காததுபோல ஓட்டினாள்.

பத்து இருபதுக்கு அடிவாரத்தில் குப்பனூர். ரோட்டோரத்தில் மாதப்பன் ஒரு ஆட்டோவை நிறுத்தி வைத்திருந்தார். மூன்று பேருமாகச் சந்திரசேகரைத் தாங்கி ஏற்றினார்கள். புவனா பின்னால் ஏறினாள். ஆட்டோ போய்விட்டது. மாதப்பனும் பலாக்காய்களை எடுத்துக்கொண்டு, "வரனுங்க" என்று சந்தைப் பக்கம் போனார்.

வேனைப் பூட்டிவிட்டு, பிரிஸ்கில்லா டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தாள். பதினொன்று ஆயிற்று. பதினொன்றரை. போன் அடிக்கவில்லை. தானாகக் கூப்பிடவும் துணிவு வரவில்லை. தெரிந்த ஜெபமெல்லாம் பாதியிலேயே நின்றது.

பன்னிரண்டு ஐந்துக்குப் புவனா பேசினாள். "மிஷின்ல போட்டுட்டாங்க டீச்சர். ஆஸ்பத்திரி கேட்டுக்குள்ள போறப்ப மணி பத்து ஐம்பத்தெட்டு. டாக்டர் நொம்பத் திட்டுனாரு. திட்டட்டும்."

பிரிஸ்கில்லா ஒரு டீ சொல்லிக் குடித்துவிட்டு, மெக்கானிக்கைத் தேடிப் போனாள்.

குப்பனூர் மெக்கானிக் பெருமாள் வேனுக்கு அடியில் போய், வெகுநேரம் வெளியே வரவில்லை. வந்ததும், "சேம்பர் மாத்திரலாமுங்க. என்ஜினுக்கு ஒண்ணும் ஆகலை. ஆனா அந்தப் பிசினை எடுக்கறதுக்குத்தான் ரெண்டு நாள் ஆகும்" என்றார்.

எல்வினுக்குப் போன் போட்டு நடந்ததைச் சொன்னாள். அவள் முடித்ததும் கேட்டான்.

"பாலை ரப்பர்ல தடவுனியா, சேம்பர்ல தடவுனியா?"

"ஏனுங்க, மொதல்ல மனுசன் இருக்கறாரான்னு கேக்க மாட்டீங்களா?"

"அதான் உன் கொரல்லயே தெரியுதே. நீ சொல்லு, எதுல தடவுனே?"